மூன்று நவ்ரோஸ்

இந்தியாவின் புத்தாண்டுகள் என்றதும் உகாதி, குடி பாட்வா, விஷு, பைசாகி, பொய்லா பொய்சாக் என்று ஒரு வரிசை நினைவுக்கு வரும். மாநிலத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் அதில் சிக்கல் எதுவும் இல்லை. ஒரே ஊரில் வாழும், ஒரே சமயத்தையும் ஒரே மொழியையும் சேர்ந்தவர்களுக்குள் புத்தாண்டு பிரிந்தால் என்ன ஆகும்? குஜராத் கடற்கரைப் பார்சிகளுக்கு அது நடந்தது. இன்று அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பார்சிகள் ஈரானிலிருந்து வந்த ஜரதுஷ்டிர சமயத்தவர். கடைசி சாசானிய மன்னர் மூன்றாம் யஸ்தகிர்து பட்டமேறிய கி.பி. 632இலிருந்து அவர்கள் ஆண்டுகளை எண்ணுகிறார்கள். மாதத்துக்கு 30 நாளாகப் பன்னிரண்டு மாதம், கடைசியில் காதா நாட்கள் ஐந்து, ஆக மொத்தம் 365. சூரியக் கணக்குக்கு இன்னும் ஏறக்குறைய கால் நாள் வேண்டும். அதைச் சேர்க்காததால் நான்கு வருடத்துக்கு ஒரு நாள் வீதம் புத்தாண்டு முன்கூட்டியே வந்துவிடும். இதைச் சரிக்கட்ட 120 ஆண்டுக்கு ஒரு முறை கூடுதலாக ஒரு மாதத்தைச் சேர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய மரபு. அதன் பெயர் கபீசா. இந்தியாவுக்கு வந்தவர்கள் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் எப்போதோ ஒரே ஒரு தடவை அதைச் செய்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஈரானில் தங்கியவர்கள் அந்த ஒரு தடவையும் செய்யவில்லை.

1720ஐ ஒட்டி ஈரானிலிருந்து ஜாமாஸ்ப் என்ற குரு சூரத்துக்கு வந்தார். இங்குள்ள நாட்காட்டி ஈரானைவிட ஒரு மாதம் பிந்தியிருப்பதைப் பார்த்தார். 1745இல் சூரத் பார்சிகளில் ஒரு பகுதியினர் ஈரான் கணக்குக்கு மாறினார்கள். தொன்மையானது என்ற பொருளில் அவர்களுக்குக் கத்மிகள் என்று பெயர் வந்தது. மாறாதவர்கள் ஷாஹன்ஷாஹிகள்.

ஒரு மாத வித்தியாசம்தானே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அவர்களுடைய வழிபாட்டில் அன்றைய நாளின் பெயரையும் மாதத்தின் பெயரையும் சொல்லித்தான் ஓதுவார்கள். நம் சங்கல்பத்தில் ஆண்டு, மாதம், திதி சொல்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் தவறினால் ஓதியது தவறு. இறந்த அப்பாவுக்கு வேறொரு மாதத்தில் சடங்கு செய்திருக்கிறோம் என்றாகிவிடும். இத்தனை தலைமுறையாக நாம் செய்தது எதுவும் போய்ச்சேரவில்லையா என்ற பயம்தான் அந்தச் சண்டையின் அடியில் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

கத்மிகள் ஆதாரம் தேடினார்கள். 1768இல் முல்லா காவூஸ் என்ற குரு 78 கேள்விகளுடன் ஈரானுக்குப் புறப்பட்டார். குஜராத்தியில் 78 என்றால் 'இத்தோதேர்'. அந்தக் கேள்வி பதில்களின் தொகுப்புக்கும் அதுவே பெயராயிற்று. 12 ஆண்டுகள் கழித்து அவர் திரும்பினார். அவர் கொண்டுவந்த பதில்கள் சண்டையைத் தீர்க்கவில்லை. 1783ஆம் ஆண்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன. பம்பாயில் கத்மிகளுக்கென்று தாதிசேட் ஆதஷ் பெஹ்ராம் என்ற பெரிய அக்கினிக் கோயில் எழுந்தது. அதே ஆண்டில், பரூச்சில் நடந்த நாட்காட்டித் தகராறில் ஒரு கர்ப்பிணியை உதைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ஹோமாஜி என்பவர் பம்பாயில் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று பிற்பாடு சமூகமே நம்பத் தொடங்கியது. 'ஹோமாஜி நி பாஜ்' என்று அவருக்கு ஒரு நினைவுநாள் இன்றும் உண்டு.

இதில் நம்மை நின்று யோசிக்கவைப்பது இதுதான்: சூரியனைக் கேட்டால் இரண்டு கட்சியுமே தவறு. இரண்டு நாட்காட்டியிலும் அந்தக் கால் நாள் இல்லை. வசந்தத்தில் வரவேண்டிய நவ்ரோஸ் மழைக்காலத்துக்குள் போய்விட்டது. 1906இல் பம்பாயில் குர்ஷெத்ஜி காமா இதைச் சொல்லி, மார்ச் 21இல் தொடங்கும் மூன்றாவது கணக்குக்காக ஒரு சங்கம் நிறுவினார். அதன் பெயர் பஸ்லி.

இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் நிலம் வைத்திருந்த வீடுகளின் பழைய வரி ரசீதில் 'பசலி' என்றிருக்கும். பஸல் என்றால் பருவம், அறுவடை. ஜூலை 1இல் பிறக்கும் அந்தப் பசலி ஆண்டுக்கு யாரும் பாயசம் வைத்ததில்லை. அது முடியும் தறுவாயில் ஜமாபந்தி நடக்கும், அவ்வளவுதான். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைப் பக்கமும் இவற்றோடு கொல்லம் ஆண்டும் புழங்கியது. ஒரே விவசாயி சாமிக்கு ஒரு ஆண்டும் சர்க்காருக்கு ஒரு ஆண்டுமாக, எந்தக் குழப்பமும் இல்லாமல் வாழ்ந்திருக்கிறார்.

பார்சிகளின் கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. 1930களின் இறுதியில் ஈரானிய ஜரதுஷ்டிரர்களில் பெரும்பாலோர் மார்ச் 21 கணக்குக்கு மாறிவிட்டார்கள். தாய்நாட்டின் கணக்கு என்று எதற்காகக் கத்மிகள் சொந்தக்காரர்களோடு மோதினார்களோ, அதைத் தாய்நாடே கைவிட்டது. 1992 மார்ச்சில் மூன்று நாட்காட்டியிலும் ஒரே நாளில் மாதம் பிறந்தது. இதைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். உடன்பாடு வரவில்லை. 2011 கணக்கெடுப்பில் 57,264 பேரே இருந்த சமூகத்துக்கு இன்னும் மூன்று புத்தாண்டு. ஷாஹன்ஷாஹிகளுக்கு 2024 முதல் நான்கு ஆண்டுகள் ஆகஸ்ட் 15இல் வருகிறது. கத்மிகளுக்கு அதற்கு 30 நாள் முன்னால். ஆனால் கத்மி வீட்டுப் பெண் ஷாஹன்ஷாஹி வீட்டுக்கு மருமகளாகப் போவது இப்போது பேச்சுக்குரிய செய்தியே அல்ல.

நம் பக்கம் வருவோம். 2008இல் தமிழ்நாட்டில் தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் வந்தது. 2011இல் அது நீக்கப்பட்டது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் வீடுகளில் ஆண்டு பிறக்கும் நேரமே வாக்கியத்துக்கு ஒன்று, திருக்கணிதத்துக்கு ஒன்று. கடல் கடந்த நாடுகளில் இருக்கும் நமக்கு நேர வித்தியாசம் வேறு சேர்ந்துகொள்கிறது. எது சரியான நாள் என்று சங்கக் கூட்டங்களில் நாம் வாதாடும்போது, எந்த ஊரை நம் ஊராக வைத்துக்கொண்டு எண்ணுகிறோம் என்பதையும் சேர்த்தே வாதாடுகிறோம். சூரத்தில் நடந்ததும் அதுதான். ஈரானா, இந்தியாவில் நமக்கு முன்னால் வாழ்ந்த பாட்டனாரா என்ற கேள்வியைத்தான் அவர்கள் ஒரு மாதக் கணக்காகப் பேசினார்கள். ஆதாரங்களால் அது தீரவில்லை. அடுத்த வீட்டுக்காரர் வேறொரு நாளில் வாசலில் கோலமிடுவதைப் பார்த்துப் பழகியபோதுதான் தீர்ந்தது. பழகுவதற்குள் ஹோமாஜி போய்விட்டார்.