காவிரிப் படகுத்துறைகள் (சேலம் - நாமக்கல்)

காவிரிப் படகுத்துறைகள் என்பவை தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டங்களை ஒட்டி ஓடும் காவிரி ஆற்றைப் பொதுமக்கள் பரிசலிலோ விசைப்படகிலோ கடக்கும் இடங்கள் ஆகும். இப்பகுதியில் காவிரியே மாவட்ட எல்லையாகவும் உள்ளது. கிழக்குக் கரையில் சேலமும் நாமக்கல்லும், மேற்குக் கரையில் ஈரோடும் அமைந்துள்ளன. நாமக்கல்லின் தெற்கில் ஆற்றுக்கு அப்பால் கரூர் மாவட்டம் உள்ளது. கடல் தீவுகளுக்குச் செல்லும் படகுகள் காற்றின் வேகத்தைப் பொறுத்து இயங்குகின்றன. கிரேக்கத் தீவுகளுக்கான படகுகளைத் துறைமுக அதிகாரிகள் காற்றளவைப் பார்த்தே நிறுத்துகின்றனர். இங்கு அந்த இடத்தில் இருப்பது மேட்டூர் அணையின் நீர் திறப்பளவு.

பரிசல்

பரிசல் மூங்கில் பிளாச்சுகளால் பின்னப்பட்ட வட்ட வடிவ ஓடம் ஆகும். முற்காலத்தில் இதன் அடிப்பகுதி தோலால் மூடப்பட்டது. பின்னர் தாரும் நெகிழித் தாள்களும் அவ்விடத்தைப் பிடித்தன. இதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லை. எனவே துடுப்பைத் தவறாக இட்டால் பரிசல் முன்னே செல்லாமல் தன்னைத்தானே சுற்றும். ஓடும் நீரில் நேர்க்கோட்டில் கடக்கவும் இயலாது. பரிசல்காரர் முதலில் கரையோரமாகவே மேல்நோக்கிச் சென்று, பிறகு நீரோட்டம் கீழே தள்ளத் தள்ளச் சாய்வாக எதிர்க்கரையை அடைவார். திரும்பும்போதும் இதே வேலை. எடை குறைந்த ஓடமாதலால் அதைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்தபடி கரையில் மேலே நடப்பதும் உண்டு.

கதவணைகளும் பூலாம்பட்டியும்

1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்குக் கீழே, 1980களின் பிற்பகுதியில், புனல் மின் உற்பத்திக்காகச் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் கதவணைகள் எழுந்தன. அணைகள் வந்தால் படகுப் போக்குவரத்து அழியும் என்பதே பொதுவான எண்ணம். இங்கு நடந்தது வேறு. கதவணைகள் ஆற்றை நீண்ட குளங்களாக மாற்றின. நீரோட்டம் தணிந்ததால் விசைப்படகுகள் ஓட வழி பிறந்தது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சேலம் மாவட்டம் எடப்பாடி வட்டத்தில் உள்ள பூலாம்பட்டி ஆகும். இங்கிருந்து எதிர்க்கரையில் ஈரோடு மாவட்டத்து நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகுகள் செல்கின்றன. பயணிகளோடு இரு சக்கர வாகனங்களும் ஏற்றப்படுகின்றன. மேற்கில் பாலமலையும், இரு கரையிலும் வயல்களும் தோப்புகளும் சூழ்ந்திருப்பதால் இவ்வூர் 'குட்டிக் கேரளா' எனவும் அழைக்கப்படுகிறது. விடுமுறை நாட்களில் சுற்றுலாப் பயணிகள் மிகுதி. எனினும் இப்படகுகள் முதன்மையாக அக்கரையில் வேலையும் உறவும் உள்ளவர்களுக்கானவை.

மேட்டூர் நீர்த்தேக்கம்

அணைக்கு மேலே ஆறு ஏரியாகிவிடுகிறது. சேலம் மாவட்டத்துப் பண்ணவாடியிலிருந்து தருமபுரி மாவட்டத்து நாகமரைக்கும், கோட்டையூரிலிருந்து ஒட்டனூருக்கும் படகுகள் செல்கின்றன. சாலையில் செல்வதானால் மேட்டூர் வழியாக நீர்த்தேக்கத்தையே சுற்றிவர வேண்டும். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. மட்டம் குறையக் குறையக் கரை உள்வாங்குவதால் படகுத்துறையும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நன்கு வற்றிய ஆண்டுகளில் பண்ணவாடி அருகே, அணை கட்டப்பட்டபோது மூழ்கிய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் பழைய கிறித்தவத் தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரிகின்றன.

நட்டாற்றுத் தீவு

ஈரோடு மாவட்டம் காங்கயம்பாளையத்தில், ஆற்றின் நடுவே பாறைத் தீவொன்றில் நட்டாற்றீசுவரர் கோயில் அமைந்துள்ளது. அகத்தியர் மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டதாகத் தலபுராணம் கூறுகிறது. மேற்குக் கரையிலிருந்து பாலம் உண்டு. கிழக்கே நாமக்கல் மாவட்டக் கரையிலிருந்து வருவோருக்குப் பரிசலே வழி. கோயிலுக்குப் பாலம் வந்த பின்னும், கிழக்குக் கரையினருக்கு இது தீவாகவே நீடிக்கிறது.

நீர் திறப்பும் பயணமும்

குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணை வழக்கமாகச் சூன் 12 அன்று திறக்கப்பட்டு, சனவரி 28 அன்று மூடப்படுகிறது. அணையில் நீர் போதாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். சிக்கல் எழுவது அணை நிரம்பி உபரி நீர் வெளியேறும்போதுதான். நொடிக்கு ஓர் இலட்சம் கன அடி என்பது ஏறத்தாழ 28 இலட்சம் லிட்டர். அப்போது கதவணைகளின் கதவுகள் உயர்த்தப்படுவதால் தேங்கிய நீர் மீண்டும் ஆறாகி ஓடத் தொடங்குகிறது. படகுகள் கரையில் கட்டப்படுகின்றன. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நொடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கும் கூடுதலாக நீர் வெளியேற்றப்பட்டது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் கரையோர வீடுகளிலும் நீர் புகுந்தது. இத்தகைய நாட்களில் அக்கரையில் வேலை பார்ப்போர் பாலம் உள்ள ஊர்கள் வழியாகச் சுற்றிச் செல்ல நேர்கிறது. படகோட்டிகளுக்கு அந்த நாட்களின் வருமானம் இல்லை.

சட்டமும் பாலங்களும்

பொதுத் தோணித்துறைகளை 1890-ஆம் ஆண்டின் கால்வாய்கள் மற்றும் பொதுத் தோணித்துறைகள் சட்டம் முறைப்படுத்துகிறது. துறைகளை ஏலத்தில் குத்தகைக்கு விடும் வழக்கம் உள்ளது. பாலம் கட்டப்படும் இடங்களில் துறை மறைந்துவிடும். நாமக்கல் மாவட்டத்து மோகனூருக்கும் கரூர் மாவட்டத்து வாங்கலுக்கும் இடையே, நீர் வந்தால் பரிசலிலும் வற்றினால் மணலில் நடந்தும் மக்கள் சென்றுவந்தனர். 2010களில் அங்கு பாலம் கட்டப்பட்டது. கோட்டையூர் - ஒட்டனூர் இடையேயும் பாலம் வேண்டும் என்பது இரு கரை மக்களின் நெடுநாள் கோரிக்கை ஆகும்.