பொதுப் பட்டியலும் காஞ்சித் தொகுதியும்

காஞ்சிபுரத்தில் ஒலிமுகமதுபேட்டை என்றொரு பகுதி உண்டு. பட்டு நெசவாளர் நிறைந்து வாழும் பிள்ளையார்பாளையமும் அதே நகரில்தான் இருக்கிறது. இரு பகுதியினரும் ஒரே கடைத்தெருவில் அரிசி வாங்கினர். ஒரே நகராட்சிக்கு வரி செலுத்தினர். ஆயினும் 1946ஆம் ஆண்டு வரை, சட்டசபைத் தேர்தல் என்று வந்துவிட்டால் அவர்கள் வெவ்வேறு வேட்பாளர்களுக்கே வாக்களித்தனர். முஸ்லிமின் பெயர் முஸ்லிம் பட்டியலில் இருந்தது. நெசவாளரின் பெயர் பொதுப் பட்டியலில் இருந்தது. அதுவும் பெயர் இருந்தால்தான்! வரி, சொத்து, கல்வி ஆகிய தகுதிகளைக் கொண்டே அந்நாளில் வாக்குரிமை அளக்கப்பட்டமையால், தறிக்குழியில் காலை வைத்துக் காலமெல்லாம் கழித்த ஏழை நெசவாளரும், அன்றாடம் உழைத்து உண்ட ஏழை முஸ்லிமும் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தில் தொடங்கியது இந்தத் தனித்தொகுதி முறை. அதனால் விளைந்த நன்மையை மறைக்க வேண்டியதில்லை. சென்னைச் சட்டசபையில் முஸ்லிம்களின் குரல் என்றும் ஒலித்துக்கொண்டே இருந்தது; 1946ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் அச்சபையில் எதிர்க்கட்சித் தலைவராகவும் விளங்கினார்கள். ஆனால் அம்முறைக்கு மற்றொரு பக்கமும் இருந்தது. பொதுத்தொகுதியில் நிற்கும் வேட்பாளர் முஸ்லிம் தெருவுக்குள் காலடி எடுத்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே அவருக்கு வாக்கு ஏது?

அரசியல் நிர்ணய சபையில் 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மலபாரைச் சேர்ந்த போக்கர் சாஹிப் தனித்தொகுதி முறை நீடிக்க வேண்டுமெனத் திருத்தம் கொண்டுவந்தார். சர்தார் பட்டேல் கடுமையாக எதிர்த்தார், திருத்தம் தோற்றது. 1949 மே மாதத்தில் மதச் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீட்டு இடங்களும் கைவிடப்பட்டன. காயிதே மில்லத் அவர்கள் எடுத்துரைத்த வாதங்களை அச்சபை ஏற்கவில்லை. இனி நம் கதி என்ன என்ற கவலை அன்று பல முஸ்லிம் இல்லங்களில் நிலவியது. அந்தக் கவலையை இன்று எள்ளி நகையாடுவது எளிது. அன்றைய நிலையில் அது நியாயமானதே.

1952இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவரும் ஒரே பட்டியலில் ஏறினர். காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டைக் காட்டி, அன்றே இங்கு மக்களாட்சி இருந்தது என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது வாக்களிப்பு அன்று. ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த திருவுளச் சீட்டு. கால்வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் உடையோர் பெயரே குடத்துக்குள் போயிற்று. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக்கூடாது என்ற விதி மட்டும் இன்றைக்கும் பொறாமைப்படத் தக்கது. தறிக்காரர் பெயரைப் பட்டியலில் ஏற்றிய பெருமை அக்கல்வெட்டுக்கு இல்லை, 1952க்கே உண்டு.

அடுத்த பொதுத்தேர்தலில்தான் காஞ்சித் தொகுதி நாடறிந்த தொகுதி ஆயிற்று. 1956இல் திருச்சி மாநாட்டில் திராவிட முன்னேற்றக் கழகம், தேர்தலில் ஈடுபடலாமா என்ற கேள்வியைக் கூடியிருந்தோரிடமே வாக்குக்கு விட்டது. ஆதரித்தோர் ஏறத்தாழ 57,000. எதிர்த்தோர் 4,000க்குச் சற்று மேல். 1957இல் சி. என். அண்ணாதுரை தம் பிறந்த ஊரான காஞ்சியிலேயே நின்றார். அவர் 1909இல் இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1942 முதல் ‘திராவிட நாடு’ வார இதழை இங்கிருந்தே நடத்தியவர். 1953இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் வாடியபோது அவரும் அவர் தோழர்களும் துணிமூட்டையைத் தோளில் சுமந்து தெருவில் விற்றனர். மீலாது மேடைகளில் அவர் ஆற்றிய உரைகளை நம்மவர் விரும்பிக் கேட்டனர். அக்காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி. பெட்டியின் மேல் ஒட்டிய சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட வேண்டும். கோயில் நகரில் பகுத்தறிவு பேசியவரின் பெட்டி நிறைந்தது. கழகத்துக்குச் சட்டசபையில் 15 இடங்கள் கிடைத்தன.

ஐந்தாண்டு கழித்து வந்தது 1962. அந்தப் பதினைந்து பேரையும் தோற்கடித்தே தீர்வது என்று காமராஜர் உறுதி பூண்டார். காஞ்சியில் காங்கிரஸ் நிறுத்தியவர், பேருந்துத் தொழில் நடத்திய உள்ளூர்ப் பிரமுகர் எஸ். வி. நடேச முதலியார். ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் அண்ணா தோற்றார். பதினைந்து பேரில் மீண்டும் வென்றவர், தஞ்சாவூருக்கு மாறி நின்ற மு. கருணாநிதி ஒருவரே. ஆனால் கழகத்தின் மொத்த இடங்களோ 50 ஆக உயர்ந்தன! படை வென்றது, தளபதி தம் ஊரிலேயே வீழ்ந்தார்.

காஞ்சி மக்கள் நன்றி மறந்தனர் என்று பழித்தோர் அன்று உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பள்ளியில் மதிய உணவு, இலவசக் கல்வி என்று காமராஜர் ஆட்சியின் பயன்களைத் தாய்மார்கள் தம் வீட்டிலேயே கண்டுகொண்டிருந்தனர். தேடி வரும் உள்ளூர்ப் பிரமுகர் ஒருபுறம், மாநிலமெங்கும் சுற்றும் தலைவர் மறுபுறம் என்றால், வாக்காளர் முன்னவரைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பென்ன? ஒன்பதாயிரம் என்பது எந்த ஒரு வகுப்பாரும் தனித்து உண்டாக்கிய வித்தியாசமும் அன்று. அவரவர் தம் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தனர். பொதுப் பட்டியலில் சிறுபான்மையினர் கரைந்துபோவர் என்ற அச்சத்துக்கு இதில் ஒரு விடை இருந்தது: பேட்டையின் சில நூறு வாக்குகளையும் எந்த வேட்பாளரும் அலட்சியம் செய்ய இயலாது, தலைவரே ஆனாலும் வாசலுக்கு வந்து கேட்டாக வேண்டும்.

தோற்ற அண்ணா அதே ஆண்டு மாநிலங்களவைக்குச் சென்றார். பேட்டை எனும் ஊர்ப்பெயர் கொண்ட மற்றொரு மண்ணின் மைந்தரும் அவ்வாண்டில்தான் மக்களவைக்குச் சென்றார். நெல்லையைச் சார்ந்த பேட்டையில் பிறந்த காயிதே மில்லத், மலையாள நாட்டின் மஞ்சேரியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றார்கள். தனித்தொகுதி கேட்டு வாதாடித் தோற்றவர், பொதுத்தொகுதியிலேயே நின்று, பிறமொழி பேசும் மக்களின் வாக்கைப் பெற்றார் என்பதை நாம் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதில்லை.

1967இல் அண்ணாவும் இராஜாஜியும் காயிதே மில்லத்தும் ஓரணியில் நின்றனர். கழகம் 234இல் 137 இடங்களை வென்றது. இம்முறை ஊர்க்காரர் கைவிட்டது காமராஜரை. தம் பிறந்த ஊரான விருதுநகரில், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் அவர் தோற்றார். அந்தச் செய்தி கேட்டு அண்ணா மகிழவில்லை, வருந்தினார் என்று அவரோடு இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சொந்த ஊரில் தோற்பதன் சுவையை அறிந்தவரல்லவா அவர்! காமராஜரும் 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தல் வழியாகவே மக்களவைக்குச் செல்ல நேர்ந்தது.

அதன்பின் காஞ்சித் தொகுதி பல கட்சிகளுக்கு மாறி மாறி வாய்ப்பளித்திருக்கிறது. 2006இல் பாட்டாளி மக்கள் கட்சி, 2011இல் அ.தி.மு.க., 2016இலும் 2021இலும் தி.மு.க. என வெற்றி கைமாறியது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபின், காஞ்சி மாவட்டத்தில் எஞ்சியவை நான்கே தொகுதிகள். கருநாடகத்துப் பட்டு நூல் விலையும் சூரத்துச் சரிகை விலையும் தேர்தல்தோறும் மேடையேறுகின்றன. நெசவாளர் கூலி மட்டும் அவற்றுக்கு ஈடாக ஏறியதாகத் தெரியவில்லை.

அண்ணா வாழ்ந்த வீடு காஞ்சியில் நினைவில்லமாக இருக்கிறது. பார்க்க வருவோரில் பலர், அவர் காஞ்சித் தொகுதியிலிருந்தே முதலமைச்சரானார் என்று எண்ணிக்கொண்டு செல்கின்றனர். 1967இல் அவர் போட்டியிட்டது தென்சென்னை மக்களவைத் தொகுதியில். முதலமைச்சரான பின் சட்டமேலவைக்கு உறுப்பினரானார். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறையும்வரை காஞ்சித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் வேறொருவர்.