பட்டப்படிப்பின் தரப்புள்ளி: மாணவரும் பெற்றோரும் அறிய வேண்டிய கணக்கு

அளவிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு. 83ஆம் அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன் அது. தராசு கடைத்தெருவில் மட்டும் இருப்பதில்லை. நம் பிள்ளைகளின் மூன்று ஆண்டு உழைப்பையும் ஒரு தராசு நிறுக்கிறது. அது எப்படி நிறுக்கிறது என்று தெரியாததால் நஷ்டப்படுகிறவர்கள் நம் மஹல்லாக்களில் அதிகம்.

அத்திப்பட்டில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் ஒரு தந்தை மகனை அழைத்து வந்தார். மகன் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி, சிஜிபிஏ 6.2. ஒரு வேலைக்கான விண்ணப்பத்தில் குறைந்தது 60 சதவீதம் கேட்டிருந்தார்கள். பிரவுசிங் சென்டரில் 6.2ஐ 9.5ஆல் பெருக்கி, "58.9தான் வருகிறது" என்று சொல்லிவிட்டார்கள். தம்பியும் விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டார். கடைசித் தேதி முடிந்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். உண்மையில் அவர் முதல் வகுப்பில் தேறியவர்.

9.5 எங்கிருந்து வந்தது?

சிபிஎஸ்இ வாரியம் 2010 முதல் 2017 வரை பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு சிஜிபிஏ வழங்கியது. அதைச் சதவீதமாக மாற்ற 9.5ஆல் பெருக்கச் சொன்னது. அது பள்ளிக்கூடக் கணக்கு. பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி விதி உண்டு. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் 2018 பாடத்திட்ட மாணவர்களுக்கு சிஜிபிஏயில் 0.75ஐக் கழித்துவிட்டு 10ஆல் பெருக்கச் சொன்னது. ஒருவருடைய விதியை இன்னொருவருடைய பட்டியலுக்குப் போடக் கூடாது.

சென்னைப் பல்கலைக்கழக முறை

பொன்னேரி அரசுக் கல்லூரி உட்பட நம் பகுதியின் கலை அறிவியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இங்கே இளநிலைத் தாள் ஒன்றுக்கு இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 40 வேண்டும். எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 30 எடுத்தாக வேண்டும். இன்டர்னலில் 23, தேர்வில் 28 எடுத்தவருக்கு மொத்தம் 51 வந்தாலும் அது அரியர்தான்.

எடுத்த மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்தால் தரப்புள்ளி வரும். 71 என்றால் 7.1. அதனால்தான் இங்கே 6.2 என்பது 62 சதவீதத்துக்கு இணையாகிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் அப்படியில்லை. அங்கே 71 முதல் 80 வரை எடுத்த எல்லோருக்கும் 'ஏ' கிரேடு, 8 புள்ளி. 71 எடுத்தவரும் 80 எடுத்தவரும் ஒரே படியில் நிற்பார்கள். எனவே இரண்டு பல்கலைக்கழகங்களின் சிஜிபிஏயை அருகருகே வைத்து, இவன் கெட்டிக்காரன், அவன் மந்தம் என்று பேசுவது நியாயமல்ல.

கிரெடிட் என்னும் எடைக்கல்

எல்லாத் தாளுக்கும் ஒரே எடை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிரெடிட் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். தரப்புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும்.

ஒரே பகுதியைச் சேர்ந்த மூன்று தாள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிரெடிட் 4, 5, 2. ஒரு மாணவர் முறையே 45, 60, 90 எடுக்கிறார். சாதாரண சராசரி 65. ஆனால் 18, 30, 18 என்று பெருக்கிக் கூட்டினால் 66. அதை 11ஆல் வகுத்தால் 6.0தான். இன்னொருவர் அதே தாள்களில் 90, 60, 45 எடுக்கிறார். அவருக்கு 36, 30, 9, ஆக 75. வகுத்தால் 6.82. இருவருடைய மொத்த மதிப்பெண்ணும் ஒன்றுதான், ஆனால் தராசு வேறு சொல்கிறது. எளிதான சிறு தாளில் 90 எடுத்த மகிழ்ச்சியில் முக்கியப் பாடத்தைக் கைவிட்டவர் இங்கேதான் இழக்கிறார்.

செமஸ்டர்களுக்கும் இதே விதிதான். 20 கிரெடிட்டில் 8, 25 கிரெடிட்டில் 6 என்றால் சராசரி 7 அல்ல, 6.89.

வகுப்பும் அரியரும்

சிஜிபிஏ 6.0 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் வகுப்பு. 5.0 முதல் இரண்டாம் வகுப்பு, 4.0 முதல் மூன்றாம் வகுப்பு. 7.5ஐத் தொட்டால் டிஸ்டிங்ஷன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. முதன்மைப் பாடம், துணைப் பாடம், விருப்பப் பாடம் மூன்றிலும் எல்லாத் தாள்களையும் உரிய செமஸ்டரில், முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும். பிறகு எழுதித் தேறினால் பட்டம் உண்டு, முதல் வகுப்பும் உண்டு. டிஸ்டிங்ஷன் மட்டும் கிடையாது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை கிடைத்ததும், "அரியரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று காலை ரயில் ஏறிவிடுகிற தம்பிகள் இருக்கிறார்கள். குடும்பக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஹலாலான உழைப்பு மதிக்கத்தக்கதே. ஆனால் தேர்வு நாளுக்கு மட்டுமாவது விடுப்பு கேளுங்கள். பெற்றோர்களே, அந்த ஒரு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுங்கள்.

செய்ய வேண்டியவை

முதல் செமஸ்டரிலேயே எந்தத் தாளுக்கு எத்தனை கிரெடிட் என்று எழுதி வையுங்கள். மதிப்பெண் பட்டியலின் பின்புறத்தைப் படியுங்கள், விதி பெரும்பாலும் அங்கேயே அச்சாகியிருக்கும். சந்தேகம் வந்தால் கல்லூரி அலுவலகத்திலோ பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவிலோ கேளுங்கள். விண்ணப்பத்தில் சிஜிபிஏ கேட்டால் சிஜிபிஏயையே எழுதுங்கள்.

5.9 வைத்திருப்பவர் 60 என்று எழுதிவிடவும் கூடாது. சான்றிதழ் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டுவிடும். வெளிப்படாவிட்டாலும் அது அமானிதத்துக்கு மாறு. கூட்டி எழுதினால் பொய்யாகும், அறியாமல் குறைத்து எழுதினால் நம் உரிமையே பறிபோகும். அந்தத் தம்பிக்கு நடந்தது இரண்டாவது.

மதரஸாவில் எங்களுக்கு மும்தாஸ், ஜய்யித் ஜித்தன், ஜய்யித், மக்பூல் என்று தரம் போடுவார்கள். மக்பூல் என்றால் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பொருள். குறைந்த தரத்தில் தேறியவரையும் அந்தச் சொல் அவமதிப்பதில்லை. பிள்ளையின் சிஜிபிஏ குறைந்திருந்தால் ஏசுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியை வழங்குவானாக. ஆமீன்.