ஒடுக்கலும் நசுக்கலும்: மதுரைப் பதாகைகளில் தடித்த தமிழ் எழுத்து

சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’, பெரிய தலைப்புகளால் எளிய வாசகரைத் தன்பால் இழுத்தது. அதே நகரில் இன்று காதணி விழாவும் கண்ணீர் அஞ்சலியும் ஃபிளெக்ஸில் ஏறுகின்றன. பதாகையின் பெரும்பகுதியைப் படங்கள் பிடித்துக்கொள்ள, மிஞ்சிய இடத்தில் பெயரையும் பட்டத்தையும் அடைக்க வேண்டி, சாதாரண எழுத்துருவைக் கணினியில் பக்கவாட்டில் அழுத்துகிறார்கள். தமிழை ஒடுக்கலாம், நசுக்கக் கூடாது என்பதே என் வாதம்.

பக்கவாட்டில் அழுத்தும்போது நிலைக்கோடுகள் மெலிகின்றன. கிடைக்கோடுகளின் தடிமன் அப்படியே நிற்கிறது. எழுத்தைத் தாங்க வேண்டிய கோடு நலிய, அடிக்கோடு மட்டும் பருத்துத் தெரியும். ஒடுக்கமாகவே வரையப்படும் எழுத்துருவில் இந்தக் கோளாறு நேராது. மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1903இல் வடிவமைத்த ஆல்டர்னேட் காதிக், 1965இல் வந்த இம்பாக்ட் ஆகிய ரோமன் எழுத்துருக்களில் நிலைக்கோடுகளின் கனம் முதலிலேயே கணக்கிடப்பட்டது. ஆனால் ரோமன் பேரெழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்பவை, பெரும்பாலும் நேர்கோட்டால் ஆனவை. அந்த வழியைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

‘கண்ணீர்’ என்ற சொல்லையே பார்ப்போம். மூன்று சுழி ணகரம் இரண்டு அடுத்தடுத்து வருகிறது. கோட்டைத் தடிப்பாக்கினால் சுழிகளின் உள்வெளி அடைபடும். அகலத்தையும் குறைத்தால் தூரத்தில் கறுப்புத் திட்டுதான் தெரியும். ‘அஞ்சலி’யின் ஞகரத்துக்கும் இதே நெருக்கடி. ஆகவே தமிழில் ஒடுக்கத்தின் எல்லையைத் தீர்மானிப்பது வெளிக்கோடு அன்று, உள்ளே எஞ்சும் வெள்ளை இடம். ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இருபுறமும் இடம் கேட்பது இன்னொரு சுமை. 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னா, றோ முதலிய 13 எழுத்துகளின் பழைய கூட்டுருவங்களைப் பிரித்தது. அச்சுக்கோப்புக்கு அது பேருதவி. சீர்திருத்தத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எனினும், யானைத்துதிக்கை போன்ற வளைவோடு ஒரே உருவாக நின்ற ‘லை’ இன்று இரண்டு உருக்களாகக் கிடைமட்டத்தில் விரிகிறது என்பதை வடிவமைப்பாளர் மறக்கலாகாது.

வட்டம் தமிழின் இயல்பு, ஒடுக்கம் அதைக் கெடுக்கும் என்று சிலர் மறுக்கலாம். ஏக் டைப் குழு 2022இல் வெளியிட்ட அனெக் தமிழ் எழுத்துரு இதற்கு நல்ல மறுமொழி. அதன் அகலம் 75 முதல் 125 விழுக்காடு வரை மாறும். தடிமனும் தனியே மாறும். குறுகிய தடித்த நிலையிலும் சுழிகள் மூச்சுவிடுகின்றன. இலவசமாகக் கிடைக்கும் இதைப் பதாகைக் கடைகள் இன்றே பயன்படுத்தலாம்.

ஆனால் பொது எழுத்துருவின் ஒரு முனையாக ஒடுக்கம் இருப்பது போதாது. தெருவுக்கென்றே ஓர் எழுத்துரு வேண்டும். அதில் ணகரத்தின் உட்கோடுகள் வெளிக்கோட்டைவிட மெலிந்திருக்க வேண்டும். கொம்பு குறுக வேண்டும். ‘மூ’, ‘ழு’ ஆகியவற்றின் கீழ்வளைவு அடுத்த வரியின் ‘கீ’யோடு மோதாத அளவுக்குச் சுருங்க வேண்டும். சோதனை வரியாக ‘பூப்புனித நீராட்டு விழா’வை வைத்து, ஓடும் பேருந்திலிருந்து படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.