தசபுரத்து நெசவாளர்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டவர்களுள் நாம் முதல்வர் அல்லோம். முதலாம் குமாரகுப்தன் காலத்தில், தென் குஜராத்தைச் சார்ந்த லாட நாட்டினின்றும் பட்டு நெசவாளர் சிலர், மக்களோடும் சுற்றத்தோடும் தசபுரத்தில் குடியேறினர். இன்று மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் என வழங்கும் ஊரே அது. அங்குக் கிடைத்த வடமொழிக் கல்வெட்டு அவர்தம் வரலாற்றைக் கூறுகிறது.

வந்தவர் அனைவரும் தறியிலேயே அமர்ந்துவிடவில்லை. சிலர் வில்வித்தை பயின்றனர். சிலர் சோதிடம் கற்றனர். ஏனையோர் பட்டு நெய்தனர். நம் பிள்ளைகள் மட்டும் தந்தையர் தொழிலையா மேற்கொள்கின்றனர்? நெசவால் ஈட்டிய பொருளைக்கொண்டு, கி.பி. 437-ஆம் ஆண்டளவில் அக்குழுவினர் கதிரவனுக்குக் கோயில் எடுத்தனர். பின்னர் அதன் ஒரு பகுதி சிதைந்தது. 473-இல் அதனைப் புதுப்பித்தவரும் அக்குழுவினரே.

இடைப்பட்ட 36 ஆண்டுகளில் ஒரு தலைமுறை மாறிவிடுகிறது. திருப்பணி செய்தோருள் லாட நாட்டைக் கண்ணாலும் கண்டிராதவர் பலர் இருந்திருத்தல் வேண்டும். ஆயினும், அவர்களுக்காக வத்ஸபட்டி என்னும் புலவர் பாடிய அச்சாசனம், கதிரவனை வாழ்த்தியதும் லாடத்தின் சோலைகளையே நினைக்கிறது. பிறகு தசபுரத்தைப் புகழ்கிறது; அதற்குத்தான் செய்யுட்கள் மிகுதி.