கையை மட்டும் மரக்கச் செய்தல்: காவிரிப் படுகை நோயாளியும் புயநரம்புப் பின்னல் தடுப்பும்

1. பொருளும் எல்லையும்

குறுவை, சம்பா, தாளடி எனப் போகம் எதுவானாலும், இன்று தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் அறுவடையில் இயந்திரமே முன்னால் நிற்கிறது. கதிர் அறுக்கும் வண்டி, வைக்கோல் கட்டும் இயந்திரம், அரிசி ஆலை பெல்ட் என எதில் அடைப்பு எடுக்கப் போனாலும் முதலில் உள்ளே நீள்வது கை. விசையால் ஓடும் கதிரடிப்பான்களின் ஆபத்தை உணர்ந்தே 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னையிலிருந்து விழுந்து கை முறிபவரும், டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக்குழாய் இணைப்பு செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளியும் அதே அறுவை அரங்குக்குத்தான் வருகிறார்கள்.

இவர்களை முழு மயக்கத்தில் ஆழ்த்தாமல் கையை மட்டும் மரக்கச் செய்வது புயநரம்புப் பின்னல் தடுப்பு. மருத்துவமனைப் பேச்சில் இதற்குப் ‘பிளாக்’ என்று பெயர். காயம் எங்கே, மூச்சு எப்படி, எடை எவ்வளவு என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பிறகே ஊசியின் வழி முடிவாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. பின்னலின் அமைப்பு

கழுத்தின் 5 முதல் 8 வரையிலான நரம்பு வேர்களும் மார்பின் முதல் வேரும் சேர்ந்தது இப்பின்னல். ஸ்கேலீன் தசைகளுக்கு இடையே வெளிவந்து மூன்று தண்டுகளாகத் திரள்கிறது. முதல் விலாவைக் கடந்து, அக்குள் தமனியைச் சுற்றி மூன்று வடங்களாகிறது. அங்கிருந்து மீடியன், அல்னார், ரேடியல் முதலிய தனி நரம்புகள் கைக்குள் இறங்குகின்றன. கல்லணையில் அடைத்தால் கடைமடை வரை நீர் நிற்கும். வாய்க்கால் மடையில் அடைத்தால் அந்த வயல் மட்டுமே காயும். ஊசி இடும் இடத்தின் கணக்கும் பெரும்பாலும் இதுவே.

இதற்கு விலக்கும் உண்டு. மேற்கையின் உட்புறத் தோலுக்கு உணர்வு தருவதில் மார்பின் இரண்டாம் நரம்புக்கும் பங்குண்டு. அது பின்னலைச் சேர்ந்ததன்று. கை முழுதும் மரத்த பின்னும் உட்புறம் உறுத்துவதாக நோயாளி சொன்னால் அதை அலட்சியம் செய்யலாகாது.

3. முறை வளர்ந்த வரலாறு

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் காலத்துக் கண் நோயாளிக் குறிப்புகள் சரசுவதி மகாலில் உள்ளன. ஈதர் மயக்கம் பாஸ்டனில் பலர் அறியக் காட்டப்பட்டதே 1846இல்தான். ஆகவே அவை வலிநீக்கத்துக்கு முந்திய அறுவைக்காலப் பதிவுகள். 1884இல் கோக்கெய்ன் கண்ணை மரக்கச் செய்வதை கார்ல் கொல்லர் காட்டினார். அதையடுத்து ஹால்ஸ்டெட் நியூயார்க்கில் பின்னலை அறுத்துத் திறந்து, நரம்பின் மீதே மருந்திட்டார். 1911இல் தோலைத் திறக்காமல் அக்குள் வழியே ஹிர்ஷலும், காறை எலும்புக்கு மேலிருந்து குலன்காம்ஃபும் ஊசி இட்டனர். குலன்காம்ஃப் முதலில் சோதித்தது தம் கையிலேயே. லிடோகெய்ன் 1943இலும் பியூபிவகெய்ன் 1957இலும் உருவாயின. 1994இல் வியன்னாவில் கப்ரால் குழுவினர் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே காறை மேல் ஊசி இட்டதை வெளியிட்டனர்.

தமிழ்நாட்டில் கை அறுவை தனித் துறையாக வளர்ந்ததற்கு வேலூரில் பால் பிராண்டும், சென்னை ஸ்டான்லியில் ஆர். வெங்கடசாமியும் முன்னோடிகள். கை அறுவைக்குப் பெயர்பெற்ற கோவை கங்கா மருத்துவமனையை 1978இல் தொடங்கிய ஜே. ஜி. சண்முகநாதன் ஒரு மயக்கவியல் மருத்துவர்.

4. முதல் வினா: காயம் எங்கே?

தோள், மேற்கையின் மேற்பகுதி என்றால் ஸ்கேலீன் தசைகளுக்கு இடைப்பட்ட வழி பொருந்தும். ஆனால் அவ்வழியில் சுண்டுவிரல் பக்கத்து அல்னார் நரம்பு தப்பிவிடும்; நசுங்கிய விரலுக்கு அது உதவாது. மேற்கையின் நடுவிலிருந்து விரல் நுனி வரை காயம் பரவியிருந்தால் காறைக்கு மேல்வழி. முழங்கை, முன்கை, உள்ளங்கைக்குக் காறைக்குக் கீழ்வழியும் அக்குள் வழியும் போதும். அக்குள் வழியில் மட்டும், முன்கையின் வெளிப்புறத்துக்குப் போகும் தசைத்தோல் நரம்பைத் தனியே தேடி மரக்கச் செய்ய வேண்டும்.

அரிவாள் வெட்டிய தசைநாணைத் தைக்க, அட்ரினலின் கலந்த லிடோகெய்னை வெட்டுப்பட்ட இடத்திலேயே இட்டு அரைமணி காத்திருப்பது இன்னொரு வழி. விரலை மடக்கும் ஆற்றல் இதில் மிஞ்சுவதால், தையல் தாங்குகிறதா என்று மேசையிலேயே பார்க்கலாம்.

5. இரண்டாம் வினா: மூச்சு எப்படி?

வயலில் சாப்பிட்ட கையோடு அடிபட்டவருக்கு இரைப்பை விரைவில் காலியாகாது. முழு மயக்கத்தில் உணவு நுரையீரலுக்குள் இறங்கும் அபாயம் இருப்பதால், தடுப்பு முறைக்கு இது வலுவான காரணம். எனினும் வயிற்றைக் காக்கப்போய் மூச்சைக் கெடுத்துவிடக் கூடாது. ஸ்கேலீன் வழியில் வழக்கமான 20 மி.லி. அளவு மருந்து சென்றால், அந்தப் பக்கத்து உதரவிதானம் ஏறத்தாழ எல்லோருக்கும் சில மணி நேரம் செயலிழக்கும். காறைக்கு மேல்வழியிலும் பலருக்கு இது நேரும். நுரையீரல் உறையில் ஊசி பட்டுக் காற்று புகும் ஆபத்தும் உண்டு. நீண்ட காலம் பீடி புகைத்து நுரையீரல் நலிந்த முதியவருக்கு அக்குள் வழியே பாதுகாப்பானது.

6. மூன்றாம் வினா: எடை எவ்வளவு?

மயக்கவியல் நூல்களின் கணக்குகளில் அடிக்கடி வருபவர் 70 கிலோ மனிதர். நடவு வேலைக்குப் போகும் பெண் 45 அல்லது 50 கிலோவே இருக்கலாம். பியூபிவகெய்னுக்குக் கிலோவுக்கு 2 மி.கி. என்று எல்லை வைத்தால், 50 கிலோவுக்கு 100 மி.கி.; 0.5 சதவீதக் கரைசலில் அது 20 மி.லி. மட்டுமே. பழக்கத்தால் 30 மி.லி. ஏற்றினால் அது எல்லையின் ஒன்றரை மடங்காகிவிடும். லிடோகெய்னைக் கலப்பதும் தப்பும் வழியன்று. இரண்டின் நச்சுத்தன்மையும் ஒன்றாகக் கூடும்.

நாக்கு மரத்தல், காதில் இரைச்சல், பின் வலிப்பு, இறுதியில் இதயத் தடுமாற்றம் என நச்சு முற்றும். சில வேளை முன்னறிகுறி இன்றி நேரே இதயத்தைத் தாக்கும். இதற்கு 20 சதவீதக் கொழுப்புக் கரைசலைக் கிலோவுக்கு 1.5 மி.லி. வீதம், அதாவது 50 கிலோவுக்கு 75 மி.லி., உடனே சிரைவழி ஏற்ற வேண்டும். அது மருந்துக் கிடங்கில் அல்ல, ஊசி இடும் அறையிலேயே இருக்க வேண்டும்.

7. ஊசிக்கு முன்னும் பின்னும்

மரத்த கையில் நரம்புச் சேதத்தைக் கண்டறிய முடியாது. ஆகவே எந்த விரலில் உணர்வு உள்ளது, எது அசைகிறது என்பதை ஊசிக்கு முன்பே எழுத வேண்டும்; எழுதாவிட்டால் இயந்திரம் செய்த சேதமும் ஊசியின் பழியாகலாம். நசுங்கிய முன்கையில் தசை அழுத்தம் ஏறுவதை முதலில் உரைப்பது வலிதான். அங்கே நெடுநேரத் தடுப்பை அறுவை மருத்துவருடன் பேசியே முடிவு செய்ய வேண்டும். நோயாளி மறுத்தாலோ, ஊசி இடுமிடத்தில் சீழ் இருந்தாலோ இம்முறை கூடாது.

பியூபிவகெய்ன் பிடிக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். மாலையில் இட்ட மருந்து நள்ளிரவிலோ விடியலிலோ விடும்போது வலி திடீரென ஏறும். வலிமாத்திரையை அதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். உணர்வு திரும்பும்வரை கை தூளியிலேயே இருக்கட்டும். சுடுவது தெரியாத கை அது.

8. முடிபு

லிடோகெய்னும் பியூபிவகெய்னும் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. மருந்து ஒரு தடையன்று. தஞ்சை, திருவாரூரை அடுத்து 2022இல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், பயிற்சிக்கான களமும் விரிந்திருக்கிறது. அல்ட்ராசவுண்டு கருவி முதல் இரு வினாக்களுக்குப் பெரிதும் கைகொடுக்கும். குறைந்த மருந்தில் காரியம் முடியவும் உதவும். ஆனால் படுக்கையில் கொண்டுவரப்பட்டவரின் எடையை அது சொல்லாது. விபத்துப் பிரிவுக்குக் கருவி வாங்கும் பட்டியலில், படுத்தபடியே எடை காட்டும் தராசையும் சேர்க்க வேண்டும்.