படிவம் கேட்ட இரண்டு கேள்விகள்



ஒரு மனிதனுடைய வாழ்வின் மதிப்பை எதைக்கொண்டு அளப்பது? 1939ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜெர்மனியின் உள்துறை அமைச்சகம் இதற்கென ஒரு படிவத்தை அச்சிட்டு அனுப்பத் தொடங்கிற்று. மனநோயாளிகளும் வலிப்பு நோயாளிகளும் அறிவுசார் குறைபாடு உடையோரும் தங்கியிருந்த இல்லங்களுக்கு அது சென்றது. பெயர், பிறந்த நாள், நோயின் விவரம், எத்தனை காலமாக இல்லத்தில் இருக்கிறார் என்பவற்றோடு வேறு இரண்டு கேள்விகளும் அதில் இருந்தன. இவர் என்ன வேலை செய்கிறார்? இவரைப் பார்க்க ஒழுங்காக யாரேனும் வருகிறார்களா?

படிவத்தின் நோக்கத்தை இல்லங்களுக்கு யாரும் சொல்லவில்லை. போர்க்கால வேலைக்கு ஆள் எடுக்கவே இக்கணக்கு என்று எண்ணிய பொறுப்பாளர் சிலர், தங்கள் இல்லத்தின் நல்ல உழைப்பாளிகளைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்து, அவர்களுடைய திறமையைக் குறைத்தே எழுதினார்கள். அந்தோ, அந்த எழுத்தே அவர்களுக்கு எமனாயிற்று.

நிரப்பப்பட்ட படிவங்கள் பெர்லினில் டியர்கார்ட்டன் தெரு 4ஆம் எண் அலுவலகத்தால் மருத்துவர்களுக்கு அனுப்பப்பட்டன. அவர்கள் நோயாளியின் முகத்தைக் கண்டதில்லை. காகிதத்தை மட்டுமே கண்டார்கள். சிவப்புக் கூட்டல் குறி இட்டால் மரணம். நீலக் கழித்தல் குறி இட்டால் வாழ்வு. குறியிடப்பட்டவர்களைப் பேருந்துகள் ஏற்றிச் சென்றன. கிராஃபெனெக், ஹடமார் உள்ளிட்ட ஆறு இடங்களில் அவர்கள் நச்சுவாயுவினால் கொல்லப்பட்டார்கள். பெற்றோருக்கோ, பிள்ளை திடீர் நோயால் மரித்ததாகப் பொய்க் கடிதம் வந்தது. 1941 ஆகஸ்டு வரையில் இவ்விதம் மாண்டவர்கள் 70,000 பேருக்கும் மேல்.

இது லுத்தரின் தேசம் என்பதை எண்ணிப் பாருங்கள். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் பிறந்த தேசமும் இதுவே. வேதமும் ஞானப்பாட்டும் நிறைந்த நாட்டில் இக்கொடுமை எப்படி நுழைந்தது? ஒரே நாளில் நுழையவில்லை. 1920இலேயே ஒரு சட்ட அறிஞரும் ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்து, வாழத் தகுதியற்ற வாழ்வு என்று ஒன்று உண்டு என எழுதிவிட்டார்கள். 1933இல் அறிவுக்குறைபாடு உடையோர் முதலானோரைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டம் வந்தது. திருச்சபை நடத்திய இல்லங்கள் பல அதற்கு இணங்கின. சிறிய இணக்கத்துக்குப் பழகிய மனச்சாட்சிக்குப் பெரிய பாவம் வந்தபோது குரல் எழவில்லை. சபை இல்லங்களிலிருந்தும் பேருந்துகள் புறப்பட்டன.

ஆயினும் தேவன் தமக்கென்று சிலரை எழுப்பினார். பெர்லினுக்கு அருகே லோபெடால் என்னும் ஊரில் தொண்டு இல்லங்களை நடத்திவந்த போதகர் பவுல் கெர்ஹார்ட் பிரவுனே அவர்களில் ஒருவர். 1940இல் அவருடைய பொறுப்பிலிருந்த 25 பெண்பிள்ளைகளை அனுப்பும்படி ஆணை வந்தது. அவர் மறுத்தார். அதோடு நில்லாமல், இல்லம் இல்லமாக விசாரித்துச் செய்தி திரட்டி, ஜூலை 9ஆம் தேதியிட்ட ஒரு நீண்ட முறையீட்டை அரசுத் தலைமையிடமே சேர்ப்பித்தார். ஆகஸ்டு 12ஆம் தேதி இரகசியக் காவல்துறை அவரைக் கைதுசெய்தது; அக்டோபர் மாத இறுதிவரை சிறையில் இருந்தார். வூர்ட்டம்பெர்க் சபையின் பேராயர் தியோஃபில் வூர்ம் அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 1941 ஆகஸ்டு 3ஆம் தேதி மியூன்ஸ்டர் நகரக் கத்தோலிக்க ஆயர் ஃபான் காலன் பிரசங்கபீடத்திலிருந்தே இக்கொலைகளைக் கண்டித்தார். மூன்று வாரங்களில் நச்சுவாயுக் கொலைகளை நிறுத்த ஹிட்லர் ஆணையிட்டான். பட்டினியாலும் மருந்தாலும் கொல்வது 1945 வரை மறைவில் தொடர்ந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது.

பிரியமானவர்களே, அப்படிவத்தின் முதல் கேள்வி இன்றும் நம் நாவில் இருக்கிறது. இப்பிள்ளை படிக்குமா, சம்பாதிக்குமா என்றுதானே நாம் முதலில் கேட்கிறோம்? தாவீது ராஜா மேவிபோசேத்தைத் தன் பந்தியில் அமர்த்தினபோது, அவனால் என்ன பயன் என்று கேட்கவில்லை. யோனத்தானோடு செய்த உடன்படிக்கையை நினைத்தான். சரீரத்தில் பலவீனமாய்க் காணப்படும் அவயவங்கள் இன்றியமையாதவை என்று அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்குப் போதித்ததும் (1 கொரிந்தியர் 12:22) நமக்குத் தெரிந்ததே.

இரண்டாம் கேள்வியோ நம்மையே நோக்கி எழுகிறது. இவரைப் பார்க்க யாரேனும் வருகிறார்களா? அறிவுசார் குறைபாடு உடைய ஒருவரின் வாழ்வு செழிப்பது உணவாலும் மருந்தாலும் மட்டுமன்று. தன் பெயரைச் சொல்லி அழைக்கும் நண்பர், தனக்கென்று ஓர் இருக்கை, தன் விருப்பத்தைக் கேட்கும் செவி, இவையும் அவருக்கு வேண்டும். ஆராதனையில் சத்தமிடுவான் என்று அஞ்சி, பிள்ளையோடு கடைசி வரிசையில் அமரும் தாய் நம் நடுவில் இருக்கிறாள். தன் காலத்துக்குப் பின் இவனுக்கு யார் என்பதே அவளுடைய இரவு ஜெபம். திடப்படுத்தல் வகுப்புக்கு அழைக்கப்படாமலேயே வயதாகிப்போனவர்களும் உண்டு. அந்தக் குடும்பங்களின் வாசற்படியை நாம் கடைசியாக மிதித்தது எப்போது?

இவ்வாரம் அப்படி ஒரு வீட்டுக்குச் செல்லுங்கள். பெற்றோரோடு மட்டும் பேசித் திரும்பாமல், அந்த மகனோடு, அந்த மகளோடு அமர்ந்திருங்கள். வரும் ஞாயிறு அவர்களை உங்கள் பக்கத்தில் உட்காரச் செய்யுங்கள். சத்தம் எழுந்தால் எழட்டும். இவரைப் பார்க்க யார் வருகிறார்கள் என்று எவரேனும் கேட்டால், சபை வருகிறது என்று சொல்லத்தக்கதாகக் கர்த்தர் நம்மை நடத்துவாராக. ஆமென்.